சுக்கு அறையில் மாமியின் உறக்கம்

கல்யாணமாகி நான் மட்டாஞ்சேரிக்கு வந்தது ஐம்பதுகளின் நடுவில், பாலக்காட்டிலிருந்து. பிறந்த வீடும் புகுந்த வீடும் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்கள்தான். ஆனால் என் புகுந்த வீட்டார் கொச்சிக் கடைத்தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் பேச்சில் தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவே சில மாதங்கள் ஆயின. மாமனார் சுக்கும் ஜாதிக்காயும் வாங்கி விற்கிறவர். கடை சின்னது. அங்கே இடம் போதாமல் மூட்டைகள் வீட்டுக்கும் வந்துவிடும். மாமனாரும் மாமியாரும் படுக்கிற நடுக்கூடம், அதை ஒட்டி எங்கள் அறை, பின்பக்கம் சமையலறை, அதன் பக்கத்தில் மூட்டைகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. அதைச் சுக்கு அறை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மூட்டை இல்லாத நாளிலும் அங்கே சுக்கு வாசனைதான்.

வந்த முதல் மாதத்திலேயே மாமியைப் பற்றி நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: கோபக்காரி. கேட்டதற்குப் பதில் வராது. வந்தால் கடுப்பாக வரும். பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே நான் ஒதுங்கிப் போய்விடுவேன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருமை, கையில் லேசான நடுக்கம். ஒரு நாள் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். ஏதோ யோசிக்கிறார் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், குழவியைப் பிடித்த பிடியிலேயே கண் மூடியிருந்தது. அரை நிமிஷம்கூட இருக்காது. மறுபடி குழவி நகர்ந்தது. அவருக்கே தெரியாமல் உறங்கி, அவருக்கே தெரியாமல் விழித்திருந்தார்.

காரணம் புரிய எனக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. மாமாவின் குறட்டை எங்கள் தெருவில் பிரசித்தம். வீடுகளெல்லாம் ஒட்டுச் சுவர். மாமா சரக்கு வாங்க வெளியூர் போய்த் திரும்பினால் பக்கத்து வீட்டுக்காரர், "நேத்து ராவுத்தர் இங்க இல்லியோ? பிள்ளைங்க நல்லா உறங்கிச்சு" என்று சிரிப்பார். மாமா மட்டும் அதைப் பக்கத்து வீட்டுக்காரரின் தமாஷ் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

குறட்டை மட்டும் என்றால் மாமிக்குப் பழகியிருக்கும். மாமா நடுவில் விழித்துக்கொள்வார். விழித்தால் மாமியைக் கூப்பிடுவார். ஒரு முறை குடிக்க வெள்ளம் வேண்டும். ஒரு முறை காலில் பிடிப்பு. ஒரு முறை சந்தையில் யாரோ சொன்ன விலை ஞாபகம் வந்துவிடும், அதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால், "இங்க பாரு, உறங்கிட்டியா?" என்று கேட்பார். "இல்ல" என்று மாமி சொன்னதும், பெரிய நிம்மதியோடு திரும்பிப் படுத்து, அடுத்த மூச்சிலேயே குறட்டையைத் தொடங்கிவிடுவார். கெட்ட மனிதர் இல்லை. மாமி மேல் உயிரே வைத்திருந்தார். அந்த உயிர் இரவெல்லாம் விழித்திருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அந்த வருஷம் மழைக்காலத்தில், மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது மாமிக்குக் கண் செருகி, அரிவாள்மணையில் விரல் ஆழமாக அறுபட்டுவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் நின்ற இடத்திலேயே தலை சுற்றிச் சுவரைப் பிடித்திருந்தார். என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். காயத்துக்கு இங்கேயே கட்டுப் போட்டாயிற்று, தலைசுற்றலுக்கு எர்ணாகுளத்தில் ஒரு நல்ல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். அவருக்குக் கடையில் லோடு வருகிற நாள். அதனால் நான் மாமியை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்கு அப்போது காயலைக் கடந்து மோட்டார் போட்டில்தான் போவோம். மழை விட்டு வெயில் லேசாக எட்டிப்பார்த்த காலை. பெண்கள் பக்கத்துப் பலகையில் ஜன்னலோரமாக மாமியை உட்காரவைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். காயல் காற்று முகத்தில் அடித்தது. போட்டு கரையை விட்டு நகர்ந்து இரண்டு வார்த்தை பேசியிருப்போமோ என்னவோ, மாமியின் தலை என் தோளில் சாய்ந்தது. அம்மியடியில் பார்த்த உறக்கம் இல்லை இது. கை தளர்ந்து மடியில் விழுந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. புருவத்துக்கு நடுவில் எப்போதும் இருக்கிற அந்த மடிப்பு மெல்ல மெல்ல அவிழ்ந்தது. என் மாமியார் ஒரு காலத்தில் அழகியாக இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போட்டு நிற்கிற எர்ணாகுளம் ஜெட்டி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். எழுப்ப வேண்டும் என்று கையைத் தூக்கினேன். மனசு வரவில்லை. டிக்கெட் கொடுக்கிற ஆள் வந்து, "எறங்கலியா?" என்றார். உதட்டில் விரலை வைத்து மாமியைக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "உம்மா உறங்கட்டும்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, கூடையோடு சத்தமாக ஏறிவந்த மீன்காரப் பெண்களையும் கையமர்த்தினார்.

அப்படியே மட்டாஞ்சேரிக்குத் திரும்பினோம். அங்கேயும் மாமி விழிக்கவில்லை. மறுபடி எர்ணாகுளம். என் தோள் மரத்துப்போயிருந்தது. அசைக்காமல் இருந்தேன். ஜெட்டியில் போட்டு முட்டிய அதிர்வில் மாமி தானாகவே கண்ணைத் திறந்தார்.

"எத்தியாச்சா மோளே?"

"முன்னாடியே எத்தியாச்சு மாமி. நாம திரும்ப வீட்டுக்கிட்ட போய், மறுபடியும் வந்திருக்கோம்."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "என்னை ஆரும் விளிக்கலியா?" என்று கேட்டார்.

"இல்ல மாமி, யாரும் கூப்பிடல."

"ஆருமே விளிக்கலியா?" என்று மறுபடி கேட்டார். அதிசயத்தைக் கேட்கிறவர் குரல் அது. அப்புறம் சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஜெட்டியிலிருந்து ரோட்டுக்கு ஏறும்போது எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தார்.

டாக்டர் வயதானவர், நிதானமானவர். ரத்த அழுத்தம் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். "உம்மாவுக்கு உறக்கம் எப்படி?" என்றார்.

"இப்ப நல்லா உறங்கிட்டுதான் வரேன் டாக்டரே. போட்டில."

நான் நடந்ததைச் சொன்னேன். வீட்டு விஷயத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. வயதானால் உறக்கம் லேசாகிவிடும், ஒரு தடவை கலைந்தால் திரும்பி வருவது கஷ்டம், தலைசுற்றலுக்கும் நடுக்கத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார். பேனாவை எடுத்து, "உறங்க ஒரு குளிகை எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார்.

மாமி யோசித்தார். "குளிகை தின்னாலும் விளிச்சா எணீக்கணுமே டாக்டரே" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப விளிச்சா கேக்காத எடத்துல படுங்க" என்றார், பாதி சிரிப்பாக. விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். மாமி அதை வைத்தியமாகவே எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மாமாவின் தட்டில் மீன் துண்டை வைத்துக்கொண்டே மாமி சொன்னார்: "நாளையிலிருந்து நான் சுக்கு முறியில படுக்கப் போறேன். மூட்டையெல்லாம் மச்சுக்கு ஏத்தணும்."

மாமாவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "ஏன்? நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. நீங்க உறங்குறீங்க. நான் உறங்கல. குறட்டை."

"குறட்டையா? ஆரு, நானா?" மாமா மகனைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சோற்றுக்குள் எதையோ தேடினார். மாமா என்னைப் பார்த்தார். நான் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உள்ளேயிருந்து மாமாவின் குரல் கேட்டது: "இந்த வயசுல தனி முறின்னா ஊர்க்காரங்க என்ன பறைவாங்க?"

"ஊர்க்காரங்க அந்நேரம் உறங்கிட்டிருப்பாங்க" என்றார் மாமி.

மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். மாமி பதறவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் கோபத்தில் பாத்திரத்தை வைக்கிற சத்தம்கூட அன்றைக்குக் கேட்கவில்லை. ஒரு முடிவு எடுத்தவரின் அமைதி அது.

மறுநாள் கடைச் சுமட்டுக்காரர்கள் வந்து மூட்டைகளை மாடிக்கு ஏற்றினார்கள். நானும் மாமியும் ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு பூசி, தரையைத் தேய்த்துக் கழுவினோம். ஜன்னலின் துருப்பிடித்த கொக்கியை மாமி தேங்காயெண்ணெய் விட்டு விடுவித்தார். ஒரு கயிற்றுக் கட்டில், வெயிலில் போட்டு எடுத்த இலவம்பஞ்சு மெத்தை, பழைய கொசுவலை. வலையில் கிழிசலாக இருந்ததையெல்லாம் மாமி தைத்தார். நடுங்குகிற கையால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நான் கோத்துக் கொடுத்தேன்.

அறை கிடைத்ததும் உறக்கம் வந்துவிடவில்லை. முதல் வாரம் மாமி காலையில் பழைய முகத்தோடுதான் வெளியே வந்தார். "கூப்பிடுற நேரத்துக்குக் கண்ணு தானா தொறக்குது மோளே. உடம்புக்குள்ள ஒருத்தன் இருந்து விளிக்கிறான்" என்றார். நான் என்றால் மனசு தளர்ந்து, பழைய இடத்துக்கே போயிருப்பேன். மாமி விடவில்லை. உறக்கத்தை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு செய்தார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு சாயா குடிப்பதை நிறுத்தினார். அவருக்குச் சாயா எவ்வளவு இஷ்டம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் குடிக்கும்போது வேண்டுமென்றே கொல்லைப் பக்கம் போய்விடுவார். பகலில் எவ்வளவு கண் சொக்கினாலும் படுக்க மாட்டார், உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் சாய்வதோடு சரி. சாயங்காலம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னோடு ஜெட்டி வரை நடந்து, இருட்டுவதற்குள், மஃரிபுக்கு முன் திரும்பிவிடுவார்.

உறக்கம் கலைந்தால் படுத்துப் புரளக் கூடாது என்றும் அவராகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முறம் நிறைய ஜாதிபத்திரி வைத்திருப்பார். விழிப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்து, சின்ன விளக்கு வெளிச்சத்தில் நல்லதையும் உடைந்ததையும் பிரிப்பார். கண் கனத்ததும் போய்ப் படுப்பார். காலையில் நான் அறையைப் பெருக்கப் போகும்போது பிரித்து வைத்த குவியலைப் பார்ப்பேன். முதலில் முறம் முழுக்கப் பிரித்திருக்கும். பிறகு பாதி. பிறகு ஒரு பிடி. மழை முடிந்து வெயில் காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் விடியுமுன்னே போய்ப் பார்த்தேன். முறம் வைத்தது வைத்தபடி இருந்தது. மாமி இன்னும் எழுந்திருக்கவில்லை. விடியற்காலை சுபுஹு பாங்கு சொல்லக் கேட்டுத்தான் எழுந்தார்.

இதற்கிடையில் மாமா முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார். "அவகிட்டச் சொல்லு, நான் கடைக்குப் போறேன்" என்று மாமி காதில் விழும்படி என்னிடம் சொல்வார். அப்போதுதான் ஆலப்புழையிலிருந்து அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர், மிளகு வியாபாரி, வந்தார். பேச்சு நீண்டு கடைசிப் போட்டைத் தவறவிட்டுவிட்டார். கூடத்தில் மாமா பக்கத்திலேயே அவருக்குப் பாய் விரித்தோம்.

காலையில் நான் சாயா கொண்டுபோனபோது அந்த மனிதரின் கண்கள் செக்கச்செவேல் என்று இருந்தன. வாசல்படியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

"ராவுத்தரே, ஒரு காரியம் கேக்கட்டா? தப்பா எடுக்காதீங்க" என்றார். "நான் ஒரு நாள் உங்க பக்கத்துல படுத்தேன். வெளிய எணீச்சு வந்துட்டேன். அதுக்கு நடுவுல நீங்க வேற என்னை ரெண்டு தடவ எழுப்பி, உறங்கிட்டியான்னு கேட்டீங்க. உங்க வீட்டுல அந்த மனுஷி இத்தன காலம் எப்படிப் படுத்தாங்க?"

மாமா சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, சுக்கு அறை வாசலில் போய் நின்றார். மாமி தொழுகைப் பாயை மடித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்காமல் இருக்க முடியாத தூரம்.

"எத்தன காலமா?" என்றார் மாமா.

"கல்யாணம் கழிஞ்ச நாளிலிருந்து."

"ஒரு வாக்கு பறஞ்சிருக்கலாமே."

மாமி மடித்த பாயைக் கட்டில்மேல் வைத்தார். பிறகு சொன்னார்: "பறையணும்னு தோணவே இல்ல. பொம்பளைக்கு உறக்கம்னு ஒரு காரியம் உண்டுன்னு ஆரு நெனச்சா? நானே நெனக்கல."

மாமா, "வெள்ளம் நானே எடுத்துக் குடிச்சுக்குறேன்" என்றார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத தலைமுறை. ஆனால் அன்று மதியம் கடையிலிருந்து வரும்போது கையில் ஒரு புது கூஜா இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பித் தன் பாய்க்குப் பக்கத்தில் தானே வைத்துக்கொண்டார்.

மாமா சொன்ன சொல்லில் நிற்கிறவர் என்று அடுத்த மாதமே தெரிந்தது. மாமாவின் அக்கா, என் வீட்டுக்காரர் குப்பி என்றும் மாமி மச்சி என்றும் கூப்பிடுகிற பெரியவர், விஷயம் காதுக்கு எட்டி நேராக வந்துவிட்டார். மாமியைவிட மூத்தவர், விதவை, மகன் வீட்டில் இருந்தார். அவர் குரலுக்குத் தெருவே பயப்படும். கூடத்தில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"அறுபது வயசுல கெட்டினவன விட்டுத் தனி முறியில படுக்குறது எந்த கிதாபுல இருக்கு? பள்ளிவாசல் தெரு முழுக்க இதே பேச்சு. பிணங்கிப் போயாச்சுன்னு பறையுறாங்க."

மாமி, "இல்ல மச்சி..." என்று தொடங்கினார். மாமா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அக்கா, அவ என்னை விட்டுப் போகல. அடுக்களைப் பக்கம் இருக்கா. இத்தன காலம் நான் உறங்கினது அவ உறக்கத்தையும் சேத்துதான். இப்ப அவ உறங்கட்டும். கேக்குறவங்ககிட்ட நான் பறஞ்சேன்னு பறஞ்சிடுங்க."

குப்பி தம்பியை அப்படிப் பேசிக் கேட்டதில்லை போலிருந்தது. மாமா விடாமல், கொஞ்சம் மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்கு மவன் வீட்டுல எங்க படுக்கை?"

குப்பி வெற்றிலைப் பையை எடுத்து இடுப்பில் செருகினார். எங்கள் எல்லோருக்கும் தெரியும். போகிறவர் வருகிறவர் தாண்டிப் போகிற நடைவழியில். சாயாகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு மாமி மாறியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். கை நடுக்கம் குறைந்தது. தலைசுற்றல் அநேகமாக நின்றது. ஊசியில் நூலை அவரே கோத்தார். பல வருஷமாக விட்டிருந்த முட்டைமாலையை ஒரு பெருநாளைக்குச் செய்தார். மஞ்சள் கருவை நூல் நூலாகப் பாகில் விழவைக்கிற பொறுமையான பலகாரம் அது. எல்லாவற்றையும்விட, மாமிக்குக் கனவு வரத் தொடங்கியது. சுபுஹு முடிந்ததும் மாமாவும் மாமியும் சமையலறைப் படியில் உட்கார்ந்து சாயா குடிப்பார்கள். முன்பு அகால நேரத்தில் எழுப்பிச் சொன்ன சந்தை விலைகளையெல்லாம் மாமா காலைவரை சேர்த்துவைத்துச் சொல்வார். மாமி கனவைச் சொல்வார். ஒரு நாள் காயலெல்லாம் வற்றி, எர்ணாகுளத்துக்கு நடந்தே போனாராம். "செருப்பு போட்டிருந்தியா?" என்று மாமா அக்கறையாக விசாரித்தார். கல்யாணமான புதிதில் நாங்கள்கூட அப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

குப்பி வராமல் இருந்தது கொஞ்ச காலம்தான். ஒரு மதியம் சுக்கு வாங்க என்று வந்தார். சுக்கு வாங்க அவர் வந்ததே இல்லை. ஆள் அனுப்பினால் போதும். மாமி எதுவும் கேட்காமல் சாப்பாடு போட்டார். பிறகு, "மச்சி, நல்ல வெயில். உள்ள கொஞ்சம் சாஞ்சிட்டுப் போங்க" என்று சுக்கு அறையைக் காட்டினார். "எனக்கு உறக்கமெல்லாம் வராது" என்று சொல்லிக்கொண்டேதான் குப்பி போனார். மாமி கதவைச் சாத்திவிட்டு வந்து, சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் "பைய, பைய" என்றார். அஸர் பாங்கு சொல்லித்தான் குப்பி எழுந்து வந்தார். கன்னத்தில் மெத்தையின் தையல் கோடு. "முறி கொள்ளாம், நல்ல முறி. ஜன்னல்தான் கொஞ்சம் சின்னது" என்றார். அடுத்த வாரமும் சுக்கு தீர்ந்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இரண்டாவது மகன் பிறந்தான். பகலில் உறங்கி இரவில் அழுகிற பிள்ளை. மூன்றாவது மாதத்தில் நான் நின்றபடியே கண் மூடத் தொடங்கியிருந்தேன். எனக்கு அது தெரியவில்லை. மாமிக்குத் தெரிந்தது. ஒரு காலையில் சாயா குடித்து முடித்ததும் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

"போய் என் கட்டில்ல படு மோளே."

"சோறு வைக்கணும் மாமி. அவங்க கடைக்குப் போற நேரம்."

"சோறு நான் வைக்கிறேன். இல்லேன்னா கடையில தின்னட்டும். நீ படு."

நான் போய்ப் படுத்தேன். மெத்தையில் வெயில் வாசனையும் சுக்கு வாசனையும் கலந்திருந்தன. வெளியே மாமா, "பிள்ள அழுதா அவளை விளிக்கணுமா?" என்று கேட்பதும், "வேணாம். பசிச்சா நான் விளிக்கிறேன். இப்ப நீங்க ஒருக்கா எடுத்து நடங்க" என்று மாமி சொல்வதும் கேட்டன. மாமா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சந்தையில் ஜாதிக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே கூடத்தில் நடந்தார். அந்த விலைகளில் பாதிதான் என் காதில் விழுந்திருக்கும். அதற்குள் உறங்கிவிட்டேன்.